பின்வரிசைப் பெண்களின் தலைவி

மேடையில் கோமாளி விழுகிறான். கொட்டகை முழுவதும் சிரிக்கிறது. விழுந்தவனுக்கு அடிபட்டதா, இரவு அவன் சாப்பிட்டானா, இந்த வாரக் கூலி அவன் கைக்கு வந்ததா என்று கேட்பவர் அந்தக் கொட்டகையிலே ஒருவரும் இல்லை. சீட்டு வாங்கினோம், சிரித்தோம், வீடு திரும்பினோம் என்பதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம்.

அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு நடிகையைப் பற்றி இன்று நம் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் தமக்காகக் கேட்கவில்லை. புகழும் பொருளும் தம்மிடம் வந்து சேர்ந்த பிறகு, தமக்குப் பின்னால் வரிசையாக நின்று ஆடிய, பெயர்கூட விளம்பரத்தில் அச்சாகாத பெண்களுக்காகக் கேட்டார். அவர் பெயர் மேரி டிரஸ்லர். அமெரிக்க நாட்டிலே பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கலந்த நாடகங்களில் ஊர் ஊராகச் சுற்றி நடித்தவர். பிற்காலத்தில் பேசும் படங்களில் தோன்றி உலகறிந்தவர். படங்களால் அவரை அறிந்தவர்கள் பலர். 1919ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் நின்ற இடத்தை அறிந்தவர்கள் சிலரே. அந்த இடத்துக்கு அவர் எப்படி வந்தார் என்பதே நாம் சொல்லப் போகும் கதை.

பதினான்கு வயதில்

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்திலே கோபர்க் என்று ஓர் ஊர். அங்கே 1868 நவம்பர் 9ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் லெய்லா மேரி கோர்பர். தந்தை இசை ஆசிரியர்; தேவாலயங்களில் ஆர்கன் வாசிப்பவர். நிலையான வருமானம் இல்லை. குடும்பம் ஓர் ஊரில் வேர் விடுவதற்குள் அடுத்த ஊருக்குப் பெயர்ந்துவிடும். கனடாவில் சில ஊர்கள், பிறகு அமெரிக்காவில் சில ஊர்கள் என்று பிள்ளைப் பருவம் கழிந்தது.

குழந்தையாக இருக்கும்போதே அவர் பருத்த உடலினர். அழகு என்று உலகம் வகுத்து வைத்திருக்கும் அளவுகளுக்குள் அவர் என்றும் அடங்கியதில்லை. ஐந்து வயதில் தேவாலய நிகழ்ச்சி ஒன்றிலே மன்மதன் வேடம் பூண்டு பீடத்தின்மீது நின்றதையும், கால் தடுமாறி விழுந்ததையும், கூடியிருந்தோர் சிரித்ததையும் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். வேறொரு குழந்தையாக இருந்தால் அழுதுகொண்டு தாயிடம் ஓடியிருக்கும். இந்தக் குழந்தையோ, தன்னைக் கண்டு பிறர் சிரிப்பதைத் தடுக்க முடியாவிட்டாலும், எப்போது சிரிக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யலாம் என்று கண்டுகொண்டது.

பதினான்கு வயதிலே வீட்டைவிட்டுப் புறப்பட்டார். ஊர் சுற்றும் நாடகக் கம்பெனி ஒன்றில், பதினெட்டு வயது என்று சொல்லிச் சேர்ந்துகொண்டார். குடும்பப் பெயர் நாடக விளம்பரத்தில் வரக்கூடாது என்று தந்தை சினந்ததால், உறவினர் ஒருவருடைய பெயர் என்று சொல்லி மேரி டிரஸ்லர் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். நாடகக்காரி என்றால் நாலு பேர் முகம் சுளித்த காலம் அது. அந்த நாட்டிலும் அப்படித்தான் இருந்தது.

வாரக் கூலி 6 அல்லது 8 டாலர். அதில் பாதியைத் தாய்க்கு அனுப்பினார். மீதியில்தான் சாப்பாடு, தங்குமிடம், சலவை, சாயம், வேடத்துக்கு வேண்டிய துணிமணி எல்லாம்.

ஊர் ஊராக

அந்த நாளைய சுற்றுப்பயண நாடகம் என்பது என்ன என்று தெரிந்தால்தான் பின்னால் வரும் போராட்டம் நமக்குப் புரியும்.

காலையில் இரயிலைப் பிடிக்க வேண்டும். நடுப்பகலில் ஒரு சிற்றூரில் இறங்கி, மலிவான விடுதி ஒன்றைத் தேட வேண்டும். மாலையிலே கொட்டகைக்குப் போய்த் திரை கட்டுவதற்கும் பெட்டி இறக்குவதற்கும் கை கொடுக்க வேண்டும். இரவு நாடகம். முடிந்தவுடன் எல்லாவற்றையும் மூட்டை கட்டி மறுநாள் வண்டிக்குத் தயாராக வேண்டும். பல ஊர்களில் ஓர் இரவுதான் ஆட்டம். வசூல் நன்றாக இருந்தால் கூலி வரும். வசூல் குறைந்தால் அடுத்த ஊரில் தருகிறேன் என்பார் முதலாளி. அடுத்த ஊரிலும் குறைந்தால் ஒரு நாள் காலையில் அவர் காணாமற் போயிருப்பார். விடுதிக்காரன் பாக்கிக்காகப் பெட்டியைப் பிடித்து வைத்துக்கொள்வான். ஊர் திரும்பக் கட்டணமின்றி முன்பின் தெரியாத ஊரிலே நடிகரும் நடிகையரும் தெருவில் நிற்பார்கள். இப்படி நடுவழியில் கைவிடப்படுவது அந்தத் தொழிலிலே அன்றாட நிகழ்ச்சி. அதற்கென்று தனிச் சொல்லே அவர்களிடம் வழங்கியது என்றால், எத்தனை பேர் எத்தனை முறை அப்படி நின்றிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்!

இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் டிரஸ்லர் அம்மையார் பயின்றார். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறினார். 'மிகாடோ' என்னும் புகழ்பெற்ற இசை நாடகத்தில் கேட்டிஷா என்ற மூத்த மங்கையின் வேடத்தை ஏற்க வேண்டியவர் நோயுற்றபோது, இவரை மேடையில் ஏற்றினார்கள். குரலும் இருந்தது, கூத்தும் இருந்தது. பிறகு வேறொரு கம்பெனியில் சேர்ந்து, ஒன்றை அடுத்து ஒன்றாகப் புதுப்புது இசை நாடகங்களுக்குப் பாடம் செய்தார். பகலில் ஒரு நாடகத்துக்கு ஒத்திகை, இரவில் இன்னொன்று நடிப்பு என்று நாட்கள் ஓடின. கோரஸ் வரிசையிலும் நின்றார்; சில்லறை வேடங்களும் கட்டினார். பின்வரிசையில் நிற்பவளுக்குக் கால் எங்கே வலிக்கும் என்பதை அவர் நின்றே அறிந்தவர்.

1892இல் நியூயார்க் நகரத்தின் பெரிய மேடையை எட்டிப் பிடித்தார். ரைன் நதிக் கொள்ளைக்காரனைப் பற்றிய இசை நாடகம் அது. ஐந்தே வாரத்தில் படுத்துவிட்டது. ஆனால் அதை எழுதிய மாரிஸ் பாரிமோர் என்ற நடிகர் ஓர் உண்மையை இவருக்கு உணர்த்தினார். சோக நாயகியாக, சிறந்த இசையரசியாக விளங்க வேண்டும் என்பது இவருடைய ஆசை. நகைச்சுவைதான் உன் வழி என்று அவர் எடுத்துச் சொன்னார். கசப்பான மருந்துதான், ஆயினும் குடித்தார். இந்தப் பாரிமோர் குடும்பத்தை நாம் பின்னால் மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

அடுத்த ஆண்டு, அன்றைய மேடையின் பேரழகி என்று கொண்டாடப்பட்ட லில்லியன் ரஸ்ஸலுடன் நடித்தார். வாரம் 50 டாலர் கிடைத்தது. பெற்றோரைக் காப்பாற்ற அது போதுமானதாக இருந்தது. பேரழகியும் பருத்த கோமாளியும் உயிர்த் தோழிகளானார்கள். 1896இல் 'தி லேடி ஸ்லேவி' என்ற நாடகத்தில் பாட்டுக்காரி வேடத்தில் வந்து நியூயார்க்கைக் கலகலக்கச் செய்தார். அதோடு அவர் பெயர் நாடறிந்த பெயராயிற்று.

ஆறு பேர் கையில்

அதே 1896ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. நாடகத் தொழிலின் பெருமுதலாளிகள் ஆறு பேர் ஒன்றுகூடி ஒரு கூட்டணி அமைத்தார்கள். நாடெங்கும் உள்ள முக்கியமான அரங்குகளுக்கு எந்த நாடகம், எந்த நாளில் என்று ஒதுக்கும் உரிமையைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள்.

இதன் சூழ்ச்சி எளிது. சுற்றுப்பயணக் கம்பெனி பெரிய நகரத்தில் மட்டும் ஆடிப் பிழைக்க முடியாது. ஒரு நகரத்திலிருந்து அடுத்த நகரத்துக்குப் போகும் இரயில் பாதையில் உள்ள சின்ன ஊர்களிலும் ஆடினால்தான் வழிச்செலவு கட்டுப்படியாகும். அந்த வழியில் உள்ள கொட்டகைகளை ஒருவன் பிடித்துக்கொண்டால் போதும். கம்பெனிக்காரன் அவன் காலில் விழ வேண்டும். நடிகன் அவன் சொன்ன கூலிக்குத் தலையாட்ட வேண்டும். பகைத்துக்கொண்டவனுக்கு நாட்டிலே மேடை கிடையாது. பின்னர் ஷூபர்ட் சகோதரர்கள் இந்தக் கூட்டணியை எதிர்த்துத் தாங்களும் பெரும் அரங்குச் சங்கிலி ஒன்றை அமைத்தார்கள். எசமான் இருவரானார்கள், நடிகனின் கூலிச் சீட்டு மட்டும் மாறவில்லை.

டிரஸ்லர் அம்மையாரும் இதிலிருந்து தப்பிக்கத் தாமே முதலாளியாகிப் பார்த்தார். 1900இல் சொந்தமாகக் குழு சேர்த்து 'மிஸ் பிரின்ட்' என்ற நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டு போனார். கையிலிருந்த காசெல்லாம் கரைந்து, கடனில் முடிந்தது. பிறகு ஜோ வெபர் என்ற நகைச்சுவை நடிகரின் குழுவில் சேர்ந்து மீண்டார். 1907இல் இலண்டன் சென்று அங்குள்ள மக்களையும் சிரிக்க வைத்தார். அத்தோடு நின்றாரா? 1909இல் அங்கே மறுபடியும் சொந்த நாடகம் போட்டார், விரைவிலேயே திரை விழுந்தது, மறுபடியும் திவாலானார். மேடையில் விழுந்தால் எழத் தெரிந்தவர் அவர். வாழ்க்கையிலும் அப்படியே எழுந்தார்.

டில்லி

1910 மே திங்களில் நியூயார்க்கில் 'டில்லீஸ் நைட்மேர்' என்ற நாடகம் அரங்கேறியது. டில்லி கண்ட கெட்ட கனவு என்று பொருள். டில்லி யார்? ஒரு சாப்பாட்டு விடுதியிலே பாத்திரம் துலக்கி, தரை கழுவி, எல்லாருடைய ஏச்சையும் வாங்கிக்கொள்ளும் வேலைக்காரி. மற்றவர்கள் உல்லாசமாக வெளியே போக, இவள் வேலையோடு வீட்டில் கிடக்கிறாள், அயர்ந்து தூங்கிவிடுகிறாள், தூக்கத்திலே செல்வச் சீமாட்டியாகி உலகைச் சுற்றுகிறாள், விழித்தால் அதே அடுப்படி!

நாடு முழுவதும் இந்தக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தது. நகரத்துக்கு வேலை தேடிப் போகும் ஏழைப் பெண்ணைத் தெய்வமே காப்பாற்றும் என்று அறிவுரை கூறும் அந்தக் காலத்துச் சோகப் பாடல்களைக் கேலி செய்யும் பாட்டு ஒன்றையும் அதில் அம்மையார் பாடினார். அது பட்டிதொட்டியெல்லாம் பரவியது. சிரித்தவர்களில் எத்தனையோ பேர் வேலைக்காரிகள், தையற்காரிகள், ஆலைப் பெண்கள். அவர்கள் டில்லியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. டில்லியோடு சேர்ந்து சிரித்தார்கள்.

டில்லி என்ற பெயரின் மதிப்பைக் கண்டு, 1914இல் மாக் சென்னட் என்ற படமுதலாளி, அதே பெயர் கொண்ட பெண்ணை வைத்து நீண்ட நகைச்சுவைப் படம் ஒன்றைத் தயாரித்தார். அப்படத்தில் அம்மையாரே தலைமை நட்சத்திரம். அவருடன் நடித்த இளைஞர்களில் ஒருவர் சினிமாவுக்கு அப்போதுதான் வந்தவர். சின்ன மீசையும் சுறுசுறுப்பும் கொண்ட அந்த இளைஞரைச் சில ஆண்டுகளில் உலகமே அறிந்துகொண்டது. அவர்தான் சார்லி சாப்ளின்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது, அரசாங்கத்தின் போர்க் கடன் பத்திரங்களை விற்க நாடெங்கும் மேடையேறினார். அவர் ஏதோ ஒரு தத்துவத்தைப் படித்துவிட்டுப் புறப்பட்ட புரட்சிக்காரர் அல்லர். செல்வர் வீட்டு விருந்துகளுக்குப் போவார். சீமாட்டிகளின் நட்பையும் விரும்புவார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் 1919இல் என்ன செய்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

மேடைக்குப் பின்னே

நியூயார்க் அரங்குகளின் விளக்கு வெளிச்சத்துக்குப் பின்னே இருந்த நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

ஒத்திகைக்குக் கூலி இல்லை. அதற்கு நாள் வரம்பும் இல்லை. வாரக்கணக்கில் நாள் முழுதும் ஆடிப் பழக வேண்டும். அத்தனை வாரம் பழகிய நாடகம் நாலு நாளில் படுத்துவிட்டால் நாலு நாள் கூலிதான். முதலாளிக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்தக் கணமே வெளியேற்றலாம். வேடத்துக்கு வேண்டிய உடுப்பும் செருப்பும் காலுறையும் நடிகையே வாங்க வேண்டும். விடுமுறை நாளில் கூடுதல் ஆட்டம் போட்டால் அதற்குத் தனிக் கூலி கிடையாது. கிறிஸ்துமசுக்கு முந்திய வாரத்தில் வசூல் குறையும் என்று சொல்லிப் பாதிக் கூலி. இத்தனையும் நட்சத்திரங்களுக்கு உறைப்பதில்லை. அவர்கள் தனித்தனியே பேரம் பேசிக்கொள்வார்கள். உறைப்பது பின்வரிசையில் நிற்கும் கோரஸ் பெண்களுக்குத்தான்.

1913 மே 26இல் 112 நடிகர்கள் கூடி 'ஆக்டர்ஸ் ஈக்விட்டி' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆனால் அவர்களிடையே ஒரு தயக்கம் நெடுநாள் இருந்தது. நாம் கலைஞர்கள், நம்மைக் கொல்லரோடும் தச்சரோடும் சேர்ப்பதா? தொழிற்சங்கம் என்ற பெயர் கலைக்கு இழுக்கல்லவா? முதலாளிகள் இந்தத் தயக்கத்துக்கு நன்றாக எண்ணெய் ஊற்றினார்கள். கலைஞன் என்று முதுகில் தட்டிக் கொடுத்தால் கூலியைக் குறைத்துக் கொடுக்கலாம் அல்லவா! ஆண்டுகள் ஓடின, பேச்சுவார்த்தைகள் முறிந்தன. வாரத்துக்கு எட்டு ஆட்டம், அதற்கு மேல் ஆடினால் தனிக் கூலி என்ற எளிய கோரிக்கைக்குக்கூட முதலாளிமார் இணங்கவில்லை. சங்கத்தையே ஏற்க மறுத்தார்கள். கடைசியில் 1919 கோடையில் நடிகர் சங்கம் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தில் சேர்ந்தது. தாங்கள் தொழிலாளர்கள் என்று அவர்கள் ஒப்புக்கொண்ட நாளே அவர்களுக்குப் பலம் பிறந்த நாள்.

முப்பது நாள்

1919 ஆகஸ்டு 7ஆம் நாள் மாலை. நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் மக்கள் சீட்டு வாங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். திரை உயரவில்லை. ஏறத்தாழ 12 அரங்குகளில் நடிகர்கள் மேடையேற மறுத்துவிட்டார்கள். வேலை நிறுத்தம் தொடங்கிவிட்டது!

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருந்தது. பாட்டும் ஆட்டமும் நிறைந்த நாடகங்களுக்கு உயிர் கோரஸ். நாயகன் போனால் இன்னொருவனை நிறுத்திவிடலாம். பழகிய நாற்பது ஐம்பது பெண்கள் போனால் ஆட்டமே இல்லை. இந்தப் பெண்களுக்கோ அதுவரை சங்கமே இல்லை. கூலியும் குறைவு, கையிருப்பும் இல்லை, பசிக்குப் பயந்து அவர்கள் வேலைக்குப் போய்விட்டால் போராட்டம் உடைந்துவிடும். முதலாளிகள் நம்பியிருந்தது இதைத்தான்.

ஆகஸ்டு 12ஆம் நாள் கோரஸ் நடிகர்களுக்கென்று தனிச் சங்கம் உருவாயிற்று. அதன் முதல் தலைவராக மேரி டிரஸ்லரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது ஐம்பது, நாடறிந்த நட்சத்திரம், எந்த முதலாளியிடமும் தமக்கு வேண்டிய கூலியைத் தனியே பேசி வாங்கக்கூடியவர். அவர் ஒதுங்கி நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வாரம் 8 டாலருக்கு ஆடிய பெண்ணை அவர் மறக்கவில்லை. அந்தப் பெண் அவரே அல்லவா!

வீதியிலே கோரஸ் பெண்களோடு நின்றார். கூட்டங்களில் பேசினார். போராடுவோரின் சோற்றுக்காக லெக்சிங்டன் அரங்கில் சங்கமே நிகழ்ச்சிகள் நடத்தியது. அங்கே கோரஸ் பெண்களை முன்னிறுத்தி, அவர்களோடு தாமும் ஆடினார். அன்று பின்வரிசை முன்வரிசையாயிற்று. அதே மேடையில் மாரிஸ் பாரிமோரின் மக்களான எதெலும் லயனலும் தோன்றி நடித்தார்கள். அன்றைய நாடக உலகின் அரசியாக விளங்கிய எதெல் பாரிமோர் போராட்டத்தின் பக்கம் நின்றது முதலாளிகளுக்குப் பேரிடி.

எதிர்ப்பக்கத்திலும் நடிகர்கள் இருந்தார்கள். நடிகரும் முதலாளியுமான ஜார்ஜ் கோஹன் தம் செல்வாக்கையெல்லாம் திரட்டி எதிர்ச்சங்கம் அமைப்பதற்குத் துணை நின்றார். இந்தச் சங்கம் வென்றால் தாம் நாடகத்தை விட்டு லிப்ட் இயக்கும் வேலைக்குப் போய்விடுவதாக அவர் சொன்னாராம். லிப்ட் இயக்குவோருக்கும் சங்கம் இருக்கிறதே, அதில் சேர வேண்டியிருக்குமே என்று போராட்டக்காரர்கள் கேலி செய்தது அன்று ஊர்ப்பேச்சு. நீதிமன்றத் தடை உத்தரவுகள் வந்தன. இழப்பீடு கேட்டு வழக்குகள் வந்தன. நடிகர்கள் அசையவில்லை.

பிறகு வந்தது வெற்றிக்கு வழி திறந்த செய்தி. திரை இழுப்பவர்கள், காட்சி மாற்றுபவர்கள், வாத்தியக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு நடிகர்களோடு வந்து சேர்ந்தார்கள். கலைஞன் வேறு, தொழிலாளி வேறு என்ற பேச்சுக்கு அதைவிடச் சிறந்த மறுமொழி ஏது? நடிகன் தயங்கிய கையைத் திரை இழுக்கும் தோழன் பற்றிக்கொண்டான். கிளர்ச்சி எட்டு நகரங்களுக்குப் பரவியது. ஓடிக்கொண்டிருந்த 37 நாடகங்கள் நின்றன. தொடங்கவிருந்த 16 நாடகங்கள் தொடங்கவில்லை.

செப்டம்பர் 6ஆம் நாள் முதலாளிகள் கையெழுத்திட்டார்கள். சங்கத்தை ஏற்றார்கள். வாரம் எட்டு ஆட்டம், மிகுந்தால் கூலி, ஒத்திகைக்கு நாள் வரம்பு என்ற கோரிக்கைகள் வென்றன. கோரஸ் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வகுக்கப்பட்டது. உடுப்புச் செலவு முதலாளியின் பொறுப்பாயிற்று. தொடங்கும்போது மூவாயிரம் பேர்கூட இல்லாத நடிகர் சங்கம், முடியும்போது ஏறத்தாழ 14,000 உறுப்பினர்களைக் கொண்டிருந்தது. முப்பது நாளில் கிடைத்தது, முப்பது ஆண்டு கெஞ்சினாலும் கிடைத்திராது.

அடைபட்ட கதவுகள்

வெற்றி விழாவோடு கதையை முடித்துவிடலாம். அது முழு உண்மையாகாது.

போராட்டத்துக்குப் பிறகு டிரஸ்லர் அம்மையாருக்கு வேலை அரிதாயிற்று. 1921இல், அவருடைய வாழ்க்கைத் துணைவராகவும் தொழிலைக் கவனிப்பவராகவும் இருந்த ஜிம் டால்டன் மறைந்தார். ஐம்பதைக் கடந்த நடிகையைத் தேடுவார் இல்லை. அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள், 1919இல் அவர் எடுத்த நிலையை முதலாளிமார் மன்னிக்கவில்லை என்பதை ஒரு காரணமாகச் சொல்லுகிறார்கள். அது மட்டுமே காரணம் என்று சொன்னால் நாம் நேர்மையாளராக மாட்டோம். வயதும் சேர்ந்தது; போருக்குப் பின் மக்களின் இரசனையும் மாறிப் போயிற்று; பழைய பாணிக் கூத்துக்கு இடம் குறைந்தது. ஆனால் அவர் மீண்டும் எழும்போது கைகொடுத்தவர்கள் அந்த நாடக முதலாளிகளில் ஒருவரும் இல்லை என்பது மட்டும் உறுதி.

1927 வாக்கில் கையில் காசில்லை. நண்பர்களின் தயவில் நாட்கள் நகர்ந்தன. நாட்டையே சிரிக்க வைத்தவர், ஐரோப்பாவுக்குப் போய் ஏதாவது விடுதி நடத்திப் பிழைக்கலாமா என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போது உதவி வந்த வழியை நாம் சொல்லியாக வேண்டும். 1911இல் டில்லி நாடகத்தோடு சான்பிரான்சிஸ்கோ சென்றிருந்தபோது, பத்திரிகை நிருபர் வேலையில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம்பெண் பேட்டி காண வந்தாள். அந்தப் பத்திரிகையோடு அம்மையாருக்குப் பிணக்கு, பேச மறுத்தார். பேட்டி இல்லாமல் திரும்பினால் வேலை போய்விடும் என்று தெரிந்ததும் மனம் இரங்கி, உட்கார வைத்துப் பேசினார். அந்தப் பெண் பிரான்சஸ் மரியன். பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு அவரே ஹாலிவுட்டின் தலைசிறந்த திரைக்கதை எழுத்தாளர்களில் ஒருவர். அம்மையாரின் நிலையைக் கேள்வியுற்று, அவருக்கென்றே வேடம் எழுதிப் படமுதலாளிகளிடம் வாதாடி அழைத்து வந்தார். ஒரு பெண்ணின் வேலையை அன்று காப்பாற்றியவருக்கு, அதே பெண்ணின் கையால் வேலை கிடைத்தது.

மீண்டும் விளக்கொளி

1930இல் 'அன்னா கிறிஸ்டி' என்ற படம் வந்தது. பேரழகி கிரேட்டா கார்போ முதன்முதலாகப் பேசும் படம் என்று கூட்டம் திரண்டது. அதில் துறைமுகத்தில் குடித்துத் திரியும் கிழவியாக வந்த டிரஸ்லர், கார்போவுக்கு இணையாகப் பேசப்பட்டார். அதே ஆண்டு 'மின் அண்ட் பில்'. துறைமுகத்தில் விடுதி நடத்தும் முரட்டுப் பெண் வேடம். அதற்காகத் தலைசிறந்த நடிகைக்குரிய ஆஸ்கார் பரிசை 1931 நவம்பர் 10இல் பெற்றார். முதல் நாள்தான் அவருக்கு 63 வயது நிறைந்திருந்தது.

1932, 1933 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும், அமெரிக்கத் திரையரங்குகளில் வசூலைக் குவித்த நட்சத்திரங்களின் பட்டியலில் முதலிடம் அவருக்கே. பொருளாதார நெருக்கடியால் கோடிக்கணக்கானோர் வேலையிழந்து நின்ற காலம் அது. கொஞ்சம் காசு சேர்த்துச் சினிமாவுக்குப் போன மக்கள், மினுக்கும் மேனிகளை விட்டுவிட்டு, சுருக்கம் விழுந்த முகமும் பருத்த உடலும் கொண்ட ஒரு மூதாட்டியை விரும்பிப் பார்த்தார்கள். அவர் ஏற்ற வேடங்கள் விடுதிக்காரி, வேலைக்காரி, படகோட்டும் பெண். அந்த முகத்தில் தங்கள் தாயைக் கண்டார்கள். தாங்கள் பட்ட பாட்டைக் கண்டார்கள்.

நெடுநாள் நீடிக்கவில்லை. புற்றுநோய் பற்றியது. நோயைப் படக் கம்பெனித் தலைவர் முதலில் அறிந்து, அவருக்கே தெரியாமல் சிலகாலம் மறைத்து வைத்திருந்தாராம். 1934 ஜூலை 28இல், தம் 65ஆம் வயதில் மேரி டிரஸ்லர் மறைந்தார்.

விட்டுச் சென்றது

அவர் எழுதி வைத்த உயிலில் சொத்தின் பெரும்பகுதி தமக்கைக்கு. ஆனால் இருபது ஆண்டு தம்மோடு இருந்த நீக்ரோ இனப் பணிப்பெண்ணுக்கு 35,000 டாலரும் தம் மோட்டார் வண்டியும், அவர் கணவருக்கு 15,000 டாலரும் கொடுக்கச் சொல்லியிருந்தார். கறுப்பு மக்கள் பின்வாசல் வழியாகவே நுழைய வேண்டியிருந்த நாட்டிலே, அந்தத் தம்பதியர் அப்பணத்தைக் கொண்டு சவன்னா நகரில் 1936இல் சொந்தமாக ஒரு கேளிக்கை விடுதி திறந்தார்கள். டில்லி கண்ட கனவு ஒரு வேலைக்காரிக்காவது நனவாயிற்று!

அவர் தலைமையேற்ற கோரஸ் சங்கம் 1955இல் நடிகர் சங்கத்தோடு இணைந்து ஒன்றாயிற்று. அதற்குப் பின் நட்சத்திரத்துக்கு ஒரு சங்கம், பின்வரிசைக்கு ஒரு சங்கம் என்ற பிரிவு இல்லை. அவர் நடித்த மேடை நாடகங்களை இன்று பார்க்க வழியில்லை. மேடையில் பாடியது காற்றோடு போயிற்று. ஆனால் ஒத்திகைக்கு நாள் வரம்பு உண்டு என்றும், கூடுதல் ஆட்டத்துக்குக் கூலி உண்டு என்றும் அன்று எழுதி வாங்கிய உரிமையின்மேல்தான் பின்வந்த நடிகர்கள் ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பினார்கள்.

உயர்ந்தவன் தான் ஏறிவந்த படியை மறப்பது உலக இயல்பு. மேலே போன பிறகு, நானும் கஷ்டப்பட்டுத்தானே வந்தேன், அவர்களும் படட்டும் என்று சொல்வோரை நம் தோழர்கள் தொழிற்சாலையிலும் பார்த்திருப்பார்கள், அலுவலகத்திலும் பார்த்திருப்பார்கள். தான் பட்டது அடுத்தவள் படக்கூடாது என்று எண்ணியவர் டிரஸ்லர் அம்மையார். அதற்காக ஐம்பதாவது வயதிலே, இழப்பதற்கு எல்லாமும் இருந்தபோது, தெருவில் இறங்கி நின்றார். இழந்தும் பார்த்தார். அதற்காக அவர் வருந்தியதாக நாம் எங்கும் படித்ததில்லை.

அடுத்த முறை ஒரு கோமாளியைக் கண்டு சிரிக்கும்போது, நாம் தாராளமாகச் சிரிப்போம். அது அவனுடைய தொழிலுக்கு நாம் செய்யும் மரியாதை. சிரித்து முடித்த பிறகு, அவனுக்குப் பின்னால் நிற்பவர்களின் கூலி கொடுக்கப்பட்டதா என்ற கேள்வியையும் மறவாமல் கேட்போம். அதுவே மேரி டிரஸ்லருக்கு நாம் செய்யும் மரியாதை.